க அடித்தால் ம வருகிறது, என்ன செய்வது?

கேள்வி: பத்து வருடமாகத் தங்கிலீஷில் தட்டித்தான் தமிழ் எழுதுகிறேன். இப்போது ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனி விசை உள்ள தமிழ்99 விசைப்பலகை முறைக்கு மாறினால் க வர வேண்டிய இடத்திலெல்லாம் ம வந்து விழுகிறது. விசைப்பலகைப் படத்தை மனப்பாடமே செய்துவிட்டேன், பயனில்லை. என் ஆங்கிலத் தட்டச்சும் கெட்டுப்போகுமா?

பதில்: படம் உதவாததில் வியப்பில்லை. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தார் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், நிமிடத்துக்குச் சராசரியாக 72 சொல் அடிப்பவர்களிடம் எழுத்தில்லாத விசைப்பலகைப் படத்தைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள்; 80 வினாடியில் சராசரியாக 15 எழுத்துதான் சரியான கட்டத்தில் விழுந்தது. கைக்குத் தெரியும், கேட்டால் சொல்லத் தெரியாது. உள்ளுறைக் கற்றல் என்பது இதுதான். அதை மனப்பாடத்தால் அழிக்க முடியாது.

உங்கள் சிக்கல், ஒரே நினைப்புக்கு இரண்டு விடை இருப்பது. க என்று நினைத்ததும் விரல் பழைய வழக்கப்படி கே விசைக்கு ஓடுகிறது, அங்கே தமிழ்99-ல் இருப்பது ம (க இருப்பது எச்-சில்). ல-வுக்கு எல் தட்டினால் த வரும். ஆனால் வ-வில் தடுமாறியிருக்க மாட்டீர்களே? இரண்டு முறையிலும் அது வீ (V) விசைதான்.

ஆங்கிலம் பற்றிக் கவலை வேண்டாம், அங்கே நினைப்பதே வேறு எழுத்து. தொடக்கத்தில் லேசாகத் தடுமாறலாம், அவ்வளவுதான். தமிழ் ஹையர், இங்கிலீஷ் ஹையர் இரண்டும் பாஸ் செய்து இரண்டையும் சரளமாக அடிப்பவர்கள் நம் ஊர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுகளில் எத்தனை பேர்!

சரி, தங்கிலீஷை அடியோடு நிறுத்துங்கள், போனிலும்தான் (செல்லினம் செயலியில் தமிழ்99 இருக்கிறது). அவசரத்துக்கு மட்டும் பழையது என்று வைத்துக்கொண்டால் இரண்டும் மோதிக்கொண்டேதான் இருக்கும். வேகத்தை மறந்துவிட்டு, தப்பே வராத அளவுக்கு மெதுவாக அடியுங்கள், ஏனென்றால் தப்பாக அடிக்கும் ஒவ்வொரு முறையும் பழைய வழக்கத்துக்குத்தான் பயிற்சி. புதிய அசைவைக் கற்றபின் நாலு மணி நேரம் இடைவெளி விட்டால் அடுத்துக் கற்பது அதைக் கெடுக்காது என்று 1996-ல் ஓர் ஆய்வு பேர் வாங்கியது. பிறகு வந்த ஆய்வுகளில் அது அப்படியே கிடைக்கவில்லை, அதனால் கடிகாரம் பார்க்க வேண்டாம்.

அப்புறம், ஒரே எழுத்தை வரி வரியாக அடிக்காதீர்கள். மகன், கமலம், மூக்கு, முகம் என்று கவும் மவும் கலந்து வரும் சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். பயிற்சி நேரத்தில் எரிச்சலாகத்தான் இருக்கும், தப்பும் கூடுதலாக வரும். ஆனால் 1979-ல் ஷீ, மார்கன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் காட்டியபடி, கலந்து பழகியதுதான் பின்னால் கையில் தங்குகிறது.