‘மக்கும்’ என்று பவுச்சில் அச்சிடலாமா?

கேள்வி: சிறிய அளவில் சோப்பும் லோஷனும் தயாரித்து ஆன்லைனில் விற்கிறேன். சோப்புக்கு பிஎல்ஏ (தாவர மாவுச்சத்திலிருந்து செய்யும் ஒரு வகை பிளாஸ்டிக்) பவுச், லோஷனுக்கு பம்ப் வைத்த கருப்பு பிளாஸ்டிக் பாட்டில். முதலாவதில் ‘மக்கக்கூடியது’, இரண்டாவதில் ‘மறுசுழற்சி செய்யலாம்’ என்று தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள் என்கிறார் சப்ளையர். போடலாமா?

பதில்: அவர் சொன்னதை மட்டும் நம்பிப் போடாதீர்கள். பவுச்சில் இருக்கப்போவது உங்கள் பெயர். புகார் வந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான்.

பிஎல்ஏ மக்கும் என்பது உண்மை. ஆனால் 58 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு நிலைத்திருக்கும் பெரிய உரக்கூடங்களில்தான். வீட்டு உரத்தொட்டியில் போட்டால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். ஐரோப்பாவின் இஎன் 13432 தரநிலைப்படி, 12 வாரத்தில் குறைந்தது 90 சதவீதம் 2 மில்லிமீட்டரைவிடச் சிறிய துணுக்குகளாக உதிர வேண்டும். 6 மாதத்துக்குள் 90 சதவீதம் நுண்ணுயிரிகளால் சிதைந்திருக்க வேண்டும். கன உலோகங்களுக்கும் வரம்பு உண்டு. சப்ளையரிடம் சான்றிதழ் கேளுங்கள். பெரும்பாலும் மூலப் பிலிமுக்கு வாங்கியதைத்தான் நீட்டுவார்கள். மை, பசை, ஜிப், பிலிமின் தடிமன் எல்லாம் சேர்ந்த முழு பவுச்சுக்கும் அது பொருந்துகிறதா என்று பாருங்கள்.

பாட்டில் விஷயம் இன்னும் சிக்கல். அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண் பிளாஸ்டிக்கின் வகையைச் சொல்கிறது, அவ்வளவுதான். ‘மறுசுழற்சி செய்யலாம்’ என்று எழுத, வாங்குபவரின் ஊரில் அதைச் சேகரித்துப் பிரித்து உருக்குகிறவர்கள் இருக்க வேண்டும். அமெரிக்காவில் நுகர்வோர் நலனைக் கவனிக்கும் அரசு அமைப்பான எஃப்டிசியின் வழிகாட்டியில், விற்பனைப் பகுதியில் குறைந்தது 60 சதவீத நுகர்வோருக்கு அந்த வசதி இருந்தால்தான் நிபந்தனை சேர்க்காமல் எழுதலாம். உங்கள் பாட்டிலோ கருப்பு. கார்பன் பிளாக் சாயம் அகச்சிவப்புக் கதிரை விழுங்கிவிடுவதால், பல பிரிப்பு இயந்திரங்களின் கண்ணில் அது படுவதே இல்லை. போதாக்குறைக்கு பம்புக்குள் பெரும்பாலும் உலோக ஸ்பிரிங் வேறு! நிறத்தை மாற்ற முடியுமானால் முதலில் அதைச் செய்யுங்கள்.

இதெல்லாம் ஏட்டளவு விதி என்று நினைக்க வேண்டாம். கனடாவில் கியூரிக் நிறுவனம் தன் காபி பாட்களை (ஒரு கோப்பை காபிக்கான சிறு பிளாஸ்டிக் குப்பிகள்) மறுசுழற்சி செய்யலாம் என்று விளம்பரம் செய்தது. இரண்டு மாகாணங்களுக்கு வெளியே பரவலாக யாரும் அவற்றை ஏற்கவில்லை என்று வணிகப் போட்டியையும் விளம்பரங்களையும் கண்காணிக்கும் அந்நாட்டுப் போட்டி ஆணையம் கண்டறிந்தது. 2022-இல் 30 லட்சம் கனடிய டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டார்கள்.

ஆன்லைனில் விற்பதால் பொருள் எங்கே போகிறது என்பதையும் பாருங்கள். இப்படிப்பட்ட சுற்றுச்சூழல் வாசகங்களுக்கு ஆதாரம் கேட்கும் நெறிமுறைகளை இந்தியா 2024 அக்டோபரில் வெளியிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2026 செப்டம்பர் 27 முதல் விதிகள் இன்னும் கடுமையாகின்றன. ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ போன்ற பொத்தாம்பொது வாசகங்களை இப்போதே விட்டுவிடுங்கள்.

சரி, என்னதான் எழுதுவது? முழு பவுச்சுக்குச் சான்றிதழ் இருந்தால்: “தொழில்முறை உரக்கூடங்களில் மட்டும் மக்கும். எல்லா ஊர்களிலும் இந்த வசதி இல்லை.” பாட்டிலின் நிறத்தை மாற்றி, விற்கும் இடங்களில் அதை எடுத்துக்கொள்கிறார்கள் என்று உறுதி செய்த பிறகு: “பம்பைக் கழற்றிவிட்டு பாட்டிலை மட்டும் மறுசுழற்சிக்குத் தரவும்.” அப்புறம், பவுச்சில் இன்னொரு வரியும் வேண்டும்: “மறுசுழற்சித் தொட்டியில் போட வேண்டாம்.” பிஎல்ஏ மற்ற பிளாஸ்டிக்கோடு கலந்தால், உருக்கி எடுக்கும் பொருளின் தரம் கெட்டுவிடும்.