டாக்கோவுக்கான பச்சை மிளகாய் சாஸ்: நிறம் மாறினால் பயமா, புஸ்ஸென்றால் பயமா?

கேள்வி: மலேசியாவின் பட்டர்வொர்த்தில் வசிக்கிறேன். பிள்ளைகளுக்கு வீட்டிலேயே டாக்கோ என்ற மெக்சிகோவின் மடித்த ரொட்டி செய்து தருகிறேன். ஒரு காணொளியைப் பார்த்துப் பச்சை மிளகாயை வேகவைத்து, பச்சைப் பூண்டு, உப்பு, எண்ணெய் சேர்த்து அரைத்தேன். வெளிர்பச்சையாக, கிரீம் போல அருமையாக வந்தது. போத்தலில் நிரப்பி, மேலே எண்ணெய் மிதக்கவிட்டு, சமையலறை மேடையிலேயே வைத்தேன். நான்காம் நாள் நிறம் மங்கிவிட்டது. மூடியைத் திருகியதும் புஸ்ஸென்று சத்தம் வந்தது. இதைச் சாப்பிடலாமா? நிறம் மாறாமலிருக்கச் சோடா உப்பு சேர்க்கச் சொல்கிறார்களே, சரியா? தொமாத்தியோ காய்க்கு இங்கே மாற்று உண்டா? தோழிகள் இதை விற்கச் சொல்கிறார்கள். எல்லாச் சான்றிதழும் வாங்கித் தருவதாக ஒருவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: அந்தப் போத்தலைத் தூக்கி எறிந்துவிடுங்கள், சகோதரி. ருசி பார்த்து முடிவெடுக்கலாம் என்று விரல் நுனியால்கூடத் தொட்டு நாக்கில் வைக்காதீர்கள். மூடியை இறுக்கி, பையில் கட்டி, குப்பையில் போட்டுவிட்டுக் கையைச் சோப்பால் கழுவுங்கள். இரண்டு வெள்ளிக்கு வாங்கிய மிளகாய் வீணாகிறதே என்று வருந்த வேண்டாம்.

நிறம் மங்கியது உங்களைக் கலங்க வைத்திருக்கிறது. உண்மையில் அது பெரிய விஷயமே இல்லை. பச்சையத்தின் நடுவில் மக்னீசியம் இருக்கிறது. சூடும் புளிப்பும் பட்டால் அது கழன்றுவிடும். பச்சை போய் ஆலிவ் நிறம் வரும். எலுமிச்சை பிழிந்த நல்ல சாஸுக்கும் இது நடக்கும், கெட்டுப்போன சாஸுக்கும் நடக்கும். ஆகவே நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. கவனிக்க வேண்டியது அந்தப் புஸ் சத்தத்தைத்தான். உள்ளே ஏதோ ஓர் உயிர் வளர்ந்து வாயுவை வெளிவிட்டிருக்கிறது. அது சாதாரண ஈஸ்டாக இருக்கலாம்; ஆளைக் கொல்லும் பாக்டீரியாவாகவும் இருக்கலாம். எது என்று வீட்டில் கண்டுபிடிக்க வழியில்லை.

உங்கள் செய்முறையில் ஒரு சொட்டுப் புளிப்பு இல்லை என்பதைக் கவனித்தீர்களா? நீங்கள் பார்த்தது அமெரிக்காவின் டெக்சாஸ் பக்கத்து முறை. அங்கே ஹலபேன்யோ மிளகாயை வேகவைத்து, பூண்டும் உப்பும் எண்ணெயும் சேர்த்து அரைக்கிறார்கள். ருசிக்குக் குறைவில்லை. ஆனால் அது குளிர்பதனப் பெட்டியில் வைத்து மூன்று நான்கு நாளில் தீர்க்க வேண்டிய சாஸ். காணொளிக்காரர் அதைச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

நம் வீடுகளில் ஆழமாக ஊறிப்போன ஒரு நம்பிக்கை இருக்கிறது: மேலே எண்ணெய் மிதந்தால் பண்டம் கெடாது. பாட்டி போட்ட மாங்காய் ஊறுகாய் ஒரு வருடம் இருந்ததே என்பார்கள். இருந்ததற்குக் காரணம் மாங்காயின் புளிப்பும் கைப்பிடி கைப்பிடியாகப் போட்ட உப்பும்தான். எண்ணெய் பூஞ்சையைத் தடுத்தது, அவ்வளவே. புளிப்பும் உப்பும் குறைந்த அரைத்த மிளகாயில் அதே எண்ணெய் நேர்மாறான வேலையைச் செய்யும். காற்றை அடைத்துவிடும். காற்றில்லாத, புளிப்பில்லாத, ஈரமான இடம் எங்கே கிடைக்கும் என்று காத்திருப்பது குளோஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற மண் கிருமி. பூண்டு மண்ணுக்குள் விளைவது; மிளகாய் மண்ணருகே காய்ப்பது. அந்தக் கிருமியின் விதைகள் இரண்டிலும் ஒட்டிவரக்கூடும். தண்ணீர் கொதிக்கும் சூட்டில் அவை சாவதில்லை. முளைத்தால் அது சுரக்கும் நஞ்சு நரம்புகளை முடக்கும்; மூச்சை நிறுத்தும். மணம் மாறாமலேகூட இருக்கும்.

1977-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு மெக்சிகன் உணவகத்தில், சரியாகப் பதப்படுத்தாமல் அடைத்து வைத்த ஹலபேன்யோவில் செய்த சாஸைச் சாப்பிட்டு 50-க்கும் மேற்பட்டோர் இந்த நஞ்சால் பாதிக்கப்பட்டார்கள். 1985-இல் கனடாவின் வான்கூவரில் எண்ணெயில் போட்ட நறுக்கிய பூண்டு 36 பேரை வீழ்த்தியது. பூண்டு, மிளகாய், எண்ணெய் மூன்றுமே உங்கள் போத்தலில் இருந்தன, மேடையில், நம் ஊர் வெக்கையில். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. இதை யாரும் உங்களுக்குச் சொல்லித்தரவில்லை என்பதால்தான் சொல்கிறேன்.

சோடா உப்பா? வேண்டவே வேண்டாம். ஒரு சிட்டிகை போட்டால் சாஸ் பளீரென்று பச்சையாக நிற்கும், உண்மை. ஆனால் சோடா புளிப்பைக் கொல்லும் பொருள். உங்களைக் காக்கும் ஒரே வேலியைக் கண்ணழகுக்காகப் பிடுங்கி எறிந்தது போல ஆகும். ஒரு வாரமாகியும் துளிர் போலப் பச்சையாக மின்னும் சாஸை யாராவது விற்றால், அதில் சோடாவா சாயமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இனி செய்முறைக்கு வருவோம். மெக்சிகோவில் பச்சை சாஸுக்கு உடம்பாக இருப்பது தொமாத்தியோ. தக்காளிக்கு உறவான காய். காகிதம் போன்ற உறைக்குள் இருக்கும், உரித்தால் தோல் பிசுபிசுக்கும். இயல்பிலேயே நல்ல புளிப்பு. இங்கே அதைச் சொல்லி ஏமாற்றுபவர்கள் இருக்கிறார்கள். உறையும் பிசுபிசுப்பும் இல்லாத சாதாரணப் பச்சைத் தக்காளியைத் தொமாத்தியோ என்று இணையத்தில் மூன்று மடங்கு விலைக்குத் தள்ளுவார்கள். நாற்று விற்பவர்கள் இன்னும் மோசம். ஒரே ஒரு செடியை விற்று அனுப்பிவிடுவார்கள். தொமாத்தியோ தன் பூந்தூளால் தானே காய்க்காது. பக்கத்தில் இன்னொரு செடி வேண்டும். பூத்துப் பூத்து உதிர்வதைப் பார்த்து, உரம் போதவில்லையோ என்று நினைத்து, அதே கடையில் உரமும் வாங்குவீர்கள். டின்னில் வரும் தொமாத்தியோ தரமானதுதான், ஆனால் வாரம் ஒரு முறை டாக்கோ செய்யும் வீட்டுக்கு அந்த விலை தேவையில்லை.

கேமரன் மலைத் தக்காளியைப் பழுக்காத பச்சையாகக் கேட்டு வாங்குங்கள். சந்தையில் சொல்லி வைத்தால் எடுத்துத் தருவார்கள். 300 கிராம் போதும். அதனுடன் பெரிய பச்சை மிளகாய் 100 கிராம், காரத்துக்குச் சிலி பாடி என்ற குட்டி மிளகாய் இரண்டு. மெக்சிகன் குறிப்பில் ஆறு செரானோ மிளகாய் என்று இருந்தால் ஆறு சிலி பாடி போட்டுவிடாதீர்கள். காரத்தை அளக்கும் ஸ்கோவில் அளவில் செரானோ 10,000 முதல் 23,000 வரை. சிலி பாடி எளிதாக 50,000-ஐத் தாண்டும். சிறிய அளவிலான பெரிய வெங்காயம் ஒன்றில் பாதி, பூண்டு மூன்று பல், தண்டோடு ஒரு கைப்பிடி கொத்தமல்லித் தழை, உப்பு ஒரு தேக்கரண்டி.

தோசைக்கல்லை எண்ணெயில்லாமல் நன்றாகக் காயவிடுங்கள். மெக்சிகோவின் கொமால் என்ற சட்டியும் கிட்டத்தட்ட இதேதான். மிளகாய் ஒவ்வொன்றையும் கத்தி நுனியால் ஒரு குத்துக் குத்திவிட்டுக் கல்லில் போடுங்கள். குத்தாவிட்டால் வெடித்துத் தெறிக்கும். தோல் கொப்பளித்து, அங்கங்கே கறுத்து, அடியில் ஈரம் கசிந்து சீறும்போது திருப்பிப் போடுங்கள். தக்காளியைப் பாதியாக வெட்டி, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். ஓரம் இளகி, விதைப் பகுதி கண்ணாடி போல ஆனதும் எடுங்கள். பூண்டைத் தோலோடு சுட்டு உரியுங்கள். சன்னலைத் திறந்து வையுங்கள், நெடி தொண்டையைப் பிடிக்கும். எல்லாம் ஆறிய பிறகு அரையுங்கள். சூட்டோடு அரைத்தால் மூடி தெறிக்கும். கொத்தமல்லியும் உடனே கறுக்கும். கடைசியில் மூன்று மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு.

கிரீம் போன்ற பதம் வேண்டுமா? அரவை இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கால் கப் எண்ணெயை நூல் போல விடுங்கள். முதலில் சளசளவென்று இருக்கும் சத்தம் சட்டென்று கனத்துத் தாழும், நிறம் வெளிறும், சுழியின் குழி மூடிக்கொள்ளும். எண்ணெய் நுண்ணிய துளிகளாகச் சாறுக்குள் பிடிபட்டுவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். அந்தக் கணத்தில் நிறுத்திவிடுங்கள்.

பச்சைத் தக்காளி கிடைக்காத வாரத்தில் பலர் பிலிம்பியைப் போடுகிறார்கள். பெலிம்பிங் புலு என்று இங்கே விற்கும் அதே காய். புளிப்புக்கு அதை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் இங்கே ஒரு விலக்கைச் சொல்லியாக வேண்டும். பிலிம்பியில் ஆக்சாலிக் அமிலம் மிக அதிகம். அது சிறுநீரகத்தில் உப்புக் கற்களாகப் படியும். கொழுப்பு குறையும் என்று நம்பி இதன் சாற்றை டம்ளர் கணக்கில் குடித்தவர்களுக்குச் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்ததைக் கேரள மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். டாக்கோவில் ஒரு கரண்டி சாஸுக்கும் ஒரு டம்ளர் சாற்றுக்கும் வித்தியாசம் உண்டுதான். ஆனால் நம் குடும்பங்களில் நீரிழிவு இல்லாத வீடு எத்தனை? சிறுநீரகம் பாதி பழுதாகியும் தெரியாமலே நடமாடுபவர்கள் எத்தனை பேர்? மாமியாருக்கு டயாலிசிஸ், மாமனாருக்குக் கிரியேட்டினின் ஏறியிருக்கிறது, சித்தப்பாவுக்குக் கல் வந்து போயிருக்கிறது என்றால், பிலிம்பி சேர்த்த சாஸை அந்த மேசையில் வைக்காதீர்கள். தனிக் கிண்ணத்தில் வைத்து, இதை மட்டும் தொடாதீர்கள் என்று சொன்னாலும் போதாது. விருந்து நாளில் கிண்ணங்கள் மாறிவிடும். அத்தகையோர் இருக்கும் வீட்டில் பச்சைத் தக்காளியும் எலுமிச்சையும் மட்டுமே.

வைத்திருக்கும் காலத்தைக் கேட்டால், குளிர்பதனப் பெட்டியில் 4 டிகிரியில் ஐந்து நாள். மேசையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். மிச்சத்தை ஐஸ் கட்டித் தட்டில் ஊற்றி உறையவைத்தால் இரண்டு மாதம் வரை நன்றாக இருக்கும்.

மாதக்கணக்கில் அலமாரியில் வைக்கும் சாஸ் வேறு கதை. அதற்கு அமிலத்தன்மையை அளக்க வேண்டும். அதன் அளவுகோல் பிஎச்; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். பிஎச் 4.6 என்பது எல்லைக்கோடு. அதற்குக் கீழே போட்டுலினம் வளராது. கோட்டை ஒட்டி நிற்காமல் 4-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். இதற்கு எலுமிச்சையையும் லீமாவ் கஸ்தூரி என்ற குட்டி எலுமிச்சையையும் நம்ப முடியாது, பழத்துக்குப் பழம் புளிப்பு மாறும். அமில அளவு லேபிளில் அச்சிட்ட வினிகரையே பயன்படுத்துங்கள். ரப்பர்த் தோட்டத்தில் பால் உறையவைக்கும் ஆசிட்டையோ, பெயரில்லாத போத்தலில் வரும் காடி எசன்ஸையோ சமையலறைக்குள் விடாதீர்கள். லிட்மஸ் தாள் இந்த வேலைக்கு உதவாது. பச்சைச் சாஸில் அதன் நிறமும் தெரியாது. பிஎச் மீட்டர் வேண்டும், அளக்கும் முன் அதற்குரிய கரைசலில் சரிபார்க்கவும் வேண்டும்.

இப்போது அந்தச் சான்றிதழ் ஆசாமி. ஒரு காசு கொடுக்காதீர்கள். நிறுவனங்களைப் பதியும் ஆணையமான எஸ்எஸ்எம்மின் பதிவு என்பது வியாபாரப் பெயரைப் பதிவது மட்டும்தான். சாஸ் பாதுகாப்பானது என்று அது சொல்லவில்லை. ஆனால் இடைத்தரகர்கள் அந்தத் தாளையே கண்ணாடிச் சட்டம் போட்டுக் காட்டுவார்கள். உணவுப் பாதுகாப்புக்கான மெஸ்தி சான்றிதழுக்குச் சுகாதார அமைச்சின் அதிகாரி உங்கள் இடத்தைப் பார்க்க வேண்டும்; தரகர் பையில் வைத்துக் கொண்டுவரும் பொருள் அல்ல அது. இன்னொரு தந்திரமும் உண்டு: ஒரே ஒரு போத்தலை ஆய்வுக்கூடத்தில் சோதித்து, அந்த அறிக்கையை வருடம் முழுவதும் எல்லாப் போத்தலுக்கும் காட்டச் சொல்வார்கள். நீங்கள் அடுத்த வாரம் எலுமிச்சையைக் குறைத்தால் அந்த அறிக்கை வெறும் காகிதம்.

தரகர்கள் பிழைப்பதற்குக் காரணம் அமைப்பு முறைதான் என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரு முகப்பில் நகராண்மைக்குப் போ என்பார்கள், அங்கே போனால் சுகாதார அலுவலகம் என்பார்கள். சுவரொட்டிகளில் கையைக் கழுவு, நகத்தை வெட்டு என்று படம் படமாக இருக்கும். எண்ணெயில் பூண்டை அடைக்காதே, புளிப்பை இப்படி அள என்று ஒரு பக்கத்தில், வீட்டுப் பெண்கள் படிக்கும் மொழியில் எழுதி ஒட்ட யாருக்கும் கை வரவில்லை. உயிர் போகக்கூடிய விஷயம் அந்தச் சுவரொட்டியில் இல்லாததுதான் எனக்குத் தாங்க முடியாத கோபம்.

விற்பது என்று முடிவெடுத்தால் நீங்களே நடந்து செய்யுங்கள். உணவு கையாளுவோர் பயிற்சிக்கும் டைபாய்டு தடுப்பூசிக்கும் முதலில் போய்வாருங்கள், இரண்டும் கட்டாயம். பிறகு செபராங் பிறை மாநகர் மன்றத்திலும் உங்கள் மாவட்டச் சுகாதார அலுவலகத்திலும் நேரடியாக விசாரியுங்கள். வீட்டுச் சமையலறையில் செய்து குளிரூட்டி விற்கும் சாஸ் என்று தெளிவாகச் சொல்லுங்கள். அலமாரிச் சரக்கா குளிர்ச் சரக்கா என்பதைப் பொறுத்து அவர்கள் கேட்கும் கேள்விகள் மாறும். யார் எந்தக் கட்டணம் கேட்டாலும் அரசாங்க ரசீது கேளுங்கள். லேபிளில் உட்பொருட்களோடு தயாரித்த தேதியையும், குளிரில் வைக்கவும், ஐந்து நாளுக்குள் தீர்க்கவும் என்ற வரிகளையும் பெரிய எழுத்தில் போடுங்கள். முதல் சில மாதங்கள் உறையவைத்த கட்டிகளாக மட்டும் விற்றுப் பாருங்கள். மீட்டர் வாங்கிப் பழகிய பிறகு போத்தலில் அடைப்பதைப் பற்றி மீண்டும் எழுதுங்கள், அதற்குரிய வினிகர் அளவைச் சொல்கிறேன்.