படிவத்தில் ‘சாப்லின்’ என்று கேட்டால் என்ன பதில் எழுதுவது?

கேள்வி: வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றில் அப்பாவுக்கு அறுவை சிகிச்சை. சேர்க்கைப் படிவத்தில், ‘சாப்லின் வந்து பார்க்கலாமா?’ என்று ஒரு கேள்வி. நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. யார் இவர்? நிலைமை மோசம் என்பதால் கேட்கிறார்களா?

பதில்: பயப்படாதீர்கள், பல மருத்துவமனைகளில் உள்நோயாளிகளிடம் வழக்கமாகக் கேட்பதுதான் இது. நோயாளிக்கும் குடும்பத்துக்கும் மனத்துணையாக இருப்பதற்கென்றே அமர்த்தப்பட்டவர் சாப்லின். சிறை, ராணுவம், பல்கலைக்கழகம் ஆகியவற்றிலும் இருப்பார்.

பெயர் கிறிஸ்தவ மரபிலிருந்து வந்தது என்பது உண்மைதான். 4ஆம் நூற்றாண்டில் மார்ட்டின் என்று ஒரு ரோமானியப் படைவீரர் இருந்தார். கடுங்குளிரில், இன்றைய பிரான்சிலுள்ள ஆமியான் நகர வாசலில், உடுத்த ஏதுமில்லாத ஒரு பிச்சைக்காரரைப் பார்த்தார். கையில் இருந்ததை எல்லாம் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. மிச்சம் மேலங்கி ஒன்றுதான். வாளை உருவி அதை இரண்டாகக் கிழித்துப் பாதியைக் கொடுத்தாராம். அரைத்துணியோடு நின்றவரைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள் என்றும் அவர் வரலாற்றில் வருகிறது. பிற்பாடு அவர் தூர் நகர ஆயர் (பிஷப்) ஆனார், புனிதராகவும் போற்றப்பட்டார்.

அந்த அங்கி என்று நம்பப்பட்ட துணியை, பிற்காலத்தில் அப்பகுதியை ஆண்ட பிராங்கிய அரசர்கள் பொக்கிஷமாக வைத்திருந்தார்கள். போருக்கும் கொண்டுபோவார்கள், அதன் மேல் சத்தியமும் வாங்குவார்கள். லத்தீனில் அங்கிக்குக் ‘காப்பா’, சிறிய அங்கிக்குக் ‘காப்பெல்லா’. அதைக் காத்த குருமார் ‘காப்பெல்லானி’ ஆனார்கள். அதுவே பிரெஞ்சு வழியாகச் சாப்லின் ஆயிற்று. அங்கி இருந்த இடத்துக்கும் காப்பெல்லா என்ற பெயரே ஒட்டிக்கொண்டது. சிற்றாலயத்தைச் ‘சாப்பல்’ என்பது அப்படித்தான். (பிரிட்டிஷ் வீரர்கள் தங்கள் சாப்லினைப் ‘பாத்ரே’ என்பார்கள். நம் ‘பாதிரியார்’ அதே போர்ச்சுகீசியச் சொல்தான்.)

இன்று அந்தப் பெயரில் இந்து, முஸ்லிம், பௌத்தர், யூதர் எல்லோரும் பணிபுரிகிறார்கள். கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களுக்கு என்றே, மதம் சாராத மனிதநேயச் சாப்லின்களும் உண்டு. உங்களுக்குள் ஓடும் சந்தேகம் புரிகிறது: மதம் மாற்றப் பார்ப்பாரோ? மருத்துவமனைச் சாப்லின்களின் தொழில் நெறி அதை அனுமதிப்பதில்லை. ஒருவர் அப்படிப் பேசினால் தாராளமாகப் புகார் கொடுங்கள். அவரும் மருத்துவமனைக் குழுவில் ஒருவர் என்பதால், அப்பா பேசுவதில் எது பதிவேட்டில் ஏறும், எது ஏறாது என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

முடிவு அப்பாவுடையது, அவரிடமே கேளுங்கள். உங்கள் மதத்தவரே வேண்டுமென்றால் அதையும் சொல்லலாம். பல இடங்களில் வெளியிலிருந்து வரவழைத்துத் தருவார்கள். வேண்டாம் என்றாலும் சிகிச்சையில் ஒரு குறையும் வராது. அப்புறம் மனம் மாறினால் வார்டு நர்ஸிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.