இருவருக்கு எத்தனை சதுர அடி போதும்?

கேள்வி: எனக்கு வயது 63, என் மனைவிக்கு 60. பிள்ளைகள் இருவரும் தனிக்குடித்தனம் போய்விட்டதால், நான்கு படுக்கையறைகள் கொண்ட 2,000 சதுர அடி வீட்டில் நாங்கள் இருவர் மட்டுமே இருக்கிறோம். இதை விற்றுவிட்டு, இரண்டு படுக்கையறைகள் கொண்ட 800 சதுர அடி அடுக்குமாடி வீடு ஒன்றை வாங்க நினைக்கிறோம். இடம் போதாமல் போய்விடுமோ என்று மனைவி அஞ்சுகிறார். இருவருக்கு உண்மையில் எவ்வளவு இடம் வேண்டும்?

பதில்: உங்கள் மனைவியின் அச்சத்தைத் தள்ளிவிடாதீர்கள், விற்ற வீடு திரும்ப வராது. முதலில், அந்த 800 சதுர அடி எதைக் குறிக்கிறது என்பதை விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சுவர்களின் கனம், பால்கனி, படிக்கட்டு, லிஃப்ட், பொது நடைவழி ஆகியவற்றில் உங்கள் பங்கையும் சேர்த்துச் சொன்ன அளவாக அது இருந்தால், நீங்கள் புழங்கக்கூடிய இடம் 600 சதுர அடிக்கும் கீழே இறங்கிவிடலாம்.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் உண்டு. இங்கிலாந்தில் 2015இல் வகுக்கப்பட்ட வீட்டு அளவுத் தரம், வெளிச்சுவர்களுக்கு உள்ளே அளந்த பரப்பாக, இருவர் வாழும் ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்கு 50 சதுர மீட்டரும் (சுமார் 538 சதுர அடி), மூவருக்கான இரண்டு படுக்கையறை வீட்டுக்கு 61 சதுர மீட்டரும் (சுமார் 657 சதுர அடி) குறைந்தபட்சமாகக் கேட்கிறது. உங்கள் 800 முழுவதும் உட்பரப்பாக இருந்தால், இருவருக்குத் தாராளம் என்றே நான் கருதுகிறேன்.

ஆயினும் பரப்பைவிட அறையின் நீள அகலம் முக்கியம். 10க்கு 10 அடி அறையில் ஆறரை அடி நீளக் கட்டிலும் அதன் கால்மாட்டில் இரண்டடி ஆழமுள்ள பீரோவும் வைத்தால், இடையில் ஒன்றரை அடிதான் எஞ்சும். பீரோவின் கதவைத் திறந்து அதன்முன் நிற்பதே பாடாகிவிடும். ஆகவே நீங்கள் கொண்டுபோக விரும்பும் ஒவ்வொரு பெரிய பொருளையும் அளந்து, புது வீட்டின் வரைபடத்தில் அதே விகிதத்தில் வெட்டிய காகிதத் துண்டுகளை வைத்துப் பாருங்கள். கட்டிலின் பக்கத்தில் இரண்டரை அடியாவது நடைவழி வேண்டும். சாப்பாட்டு மேசை நாற்காலியைப் பின்னால் இழுத்து எழுவதற்கும் ஏறக்குறைய அவ்வளவு வேண்டும்.

அதற்கும் முன்னதாக, இப்போதைய வீட்டிலேயே இரண்டு படுக்கையறைகளை இரண்டு மாதம் பூட்டி வைத்து வாழ்ந்து பாருங்கள். அந்த அறைகளிலிருந்து எதை எடுக்கப் போனீர்கள் என்று குறித்து வையுங்கள். ஒருமுறைகூடத் தேடாத பொருளுக்காகப் புது வீட்டில் இடம் வாங்க வேண்டியதில்லை. பிள்ளைகள் வந்து தங்கும் நாட்களையும் எண்ணுங்கள். ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து நாள்தான் என்றால், அதற்காக ஒரு தனி அறையை ஆண்டு முழுவதும் பராமரிப்பதைவிட இரண்டாவது அறையில் மடக்குக் கட்டில் ஒன்று போட்டுக்கொள்வது நல்லது. ஆனால் அந்த இரண்டாவது அறையை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்: ஒருவர் நோயுற்றாலோ உறக்கம் கெட்டாலோ மற்றவர் இளைப்பாற அது தேவைப்படும்.

தரகுக் கட்டணம், பதிவுச் செலவு, மாதாந்தரப் பராமரிப்புத் தொகை ஆகியவற்றைக் கழித்த பிறகே கையில் மிஞ்சும் தொகையைக் கணக்கிடுங்கள்.

உங்கள் வயதில் நான் மிகவும் வலியுறுத்துவது குளியலறையை. சக்கர நாற்காலி திரும்புவதற்கு ஏறத்தாழ 150 சென்டிமீட்டர் விட்டமுள்ள வெற்றிடமும், நுழைவதற்கு 80 சென்டிமீட்டருக்குக் குறையாத வாயில் திறப்பும் வேண்டும். அந்தக் கதவை நீங்களே அளந்து பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.