தீர்க்கதரிசியின் எச்சரிக்கையைக் கேட்காமல் அழிந்த கிரேக்க நாடக மன்னர்களில் உங்களை அதிகம் பாதித்தவர் யார்?

தீப்ஸ் நகரத்து மன்னன் கிரியோன். சோஃபோக்ளீஸ் கி.மு. 441 வாக்கில் எழுதிய ‘ஆன்டிகனி’ நாடகத்தில் வருபவன். இன்னொரு கிரேக்க நாடகாசிரியர் யூரிபிடீஸ் படைத்த மன்னன் பென்தியஸையும் பலர் சொல்வார்கள். அவன் எவர் பேச்சையும் காதில் போட்டுக்கொள்ளாமல் மாண்டவன். கிரியோனோ கடைசியில் கேட்டுவிடுகிறான். கேட்டும் பயனில்லாமல் போனதே என்னை உலுக்குகிறது.

முன்னாள் மன்னன் ஈடிபஸின் மகன்கள் இருவரும் அரியணைக்காக மோதி, ஒருவர் கையால் ஒருவர் மடிகிறார்கள். தாய்மாமன் கிரியோன் ஆட்சிக்கு வருகிறான். ஊரைக் காத்து விழுந்த எட்டியோக்ளீஸுக்கு மரியாதையோடு அடக்கம். படை திரட்டி வந்த பாலினீசஸின் உடலோ நாய்க்கும் பறவைக்கும் என்கிறான். பகைவர் படை முந்தைய இரவுதான் ஓடியிருக்கிறது. அந்தப் பதற்றத்தில் புது மன்னன் கடுமை காட்டியதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. அதன் பிறகு அவன் செய்தவற்றைத்தான் மன்னிக்க முடியவில்லை.

தடையை மீறிச் சகோதரன் உடல்மீது மண் தூவிய ஆன்டிகனி அவனுக்கு மருமகளாக வர வேண்டியவள். அவளை உயிரோடு பாறைக் குகையில் அடைக்க உத்தரவிடுகிறான். மகன் ஹீமோன் பணிவாகவே பேசத் தொடங்குகிறான். ஊர் மக்கள் அவளுக்காக இருட்டில் அழுகிறார்கள், உங்கள் முகத்துக்கு அஞ்சி வெளியே சொல்லவில்லை என்கிறான். இந்த வயதில் இவனிடமா பாடம் கற்பது என்று சீறுகிறான் தந்தை.

பிறகு, ஒரு சிறுவன் கைபிடித்து அழைத்துவர, பார்வையற்ற தீர்க்கதரிசி டைரீசியஸ் வருகிறார். அவர் சொல்லும் அடையாளங்கள் குலைநடுங்க வைப்பவை. பறவைகள் வெறிகொண்டு கத்தி, ஒன்றையொன்று நகத்தால் கிழிக்கின்றன. பலிபீடத்தில் தீ பற்றவில்லை; தொடைக் கொழுப்பு உருகிச் சாம்பலில் வடிந்து புகைகிறது. நாயும் பறவையும் அந்தப் பிணத்தின் தசையைக் கொண்டுவந்து பீடங்களையெல்லாம் தீட்டாக்கிவிட்டன. தவறு எல்லோருக்கும் நேரும், திருத்திக்கொண்டால் போதும் என்று எத்தனை பரிவோடு சொல்கிறார்! கிரியோனின் பதில்: குறி சொல்பவர்கள் காசுக்கு விலைபோகிறவர்கள். தெய்வங்களின் அரசனான ஜீயஸின் கழுகுகளே அந்தப் பிணத்தை அந்தத் தெய்வத்தின் அரியணைக்குத் தூக்கிச் சென்றாலும் அடக்கம் செய்ய விடமாட்டானாம். அதற்குமேல் முதியவர் பொறுக்கவில்லை. பிணங்களுக்கு ஈடாக உன் சொந்த ரத்தத்தில் ஒரு பிணம் கொடுப்பாய், அதற்கு அதிக நாளாகாது என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

அவர் தலை மறைந்ததும் கிரியோன் ஆடிப்போகிறான். இவர் வாக்கு ஒருநாளும் பொய்த்ததில்லை என்கிறார்கள் ஊர்ப் பெரியவர்கள். எனக்கும் தெரியும் என்கிறான். அப்படியானால் சற்று முன் அவரைக் கைக்கூலி வாங்கியவர் என்று ஏசியபோதும் தெரிந்துதானே இருந்தது? இப்போது அவனே என்ன செய்யலாம் என்று கேட்கிறான். பெரியவர்கள் சொல்லும் வரிசையைக் கவனியுங்கள்: முதலில் குகைக்குப் போய் அந்தப் பெண்ணை விடுவி, பிறகு இறந்தவனுக்குக் கல்லறை எழுப்பு. நானே கட்டினேன், நானே அவிழ்ப்பேன் என்று கிளம்புகிறான்.

ஆனால் தூதன் வந்து நடந்ததைச் சொல்லும்போது வரிசை தலைகீழாகிவிட்டிருக்கிறது. முதலில் பிணத்திடம் போயிருக்கிறார்கள். நாய்கள் குதறிய உடலைக் கழுவி, புதிதாக ஒடித்த கிளைகளில் எரித்து, உயரமாக மண்மேடு எழுப்பியிருக்கிறார்கள். அதன் பிறகுதான் குகை. தூரத்திலேயே அழுகுரல் கேட்கிறது; மகனின் குரல் என்று தந்தைக்குத் தெரிந்துவிடுகிறது. உள்ளே ஆன்டிகனி தூக்கில் தொங்குகிறாள், ஹீமோன் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு கிடக்கிறான். தந்தையின் முகத்தில் காறி உமிழ்ந்து வாளை உருவுகிறான். கிரியோன் விலகி ஓடிவிட, அதே வாளைத் தன் விலாவில் பாய்ச்சிக்கொள்கிறான். செய்தி கேட்ட தாய் யூரிடிசியும், கணவனைச் சபித்தபடி உயிரை மாய்த்துக்கொள்கிறாள்.

ஏன் பிணத்திடம் முதலில் போனான்? நாடகம் காரணம் சொல்லவில்லை. என் எண்ணம் இது: அவனுக்குள் இறங்கியது தெய்வக் குற்றம் பற்றிய பயம் மட்டுமே, உயிரோடு இருக்கும் பெண்ணின் நினைவு இன்னும் இறங்கவில்லை. தீட்டைக் கழித்தால் தண்டனை நீங்கிவிடும் என்று கணக்குப் போட்டிருக்கிறான். முன்னால் போயிருந்தால் அவள் பிழைத்திருப்பாளா என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாதுதான். ஆனாலும் பெரியவர்களின் அந்த அறிவுரையையும் தூதன் பேச்சையும் அடுத்தடுத்து வைத்துப் படித்துப் பாருங்கள். எனக்கு அந்த நாடகத்தில் மிகவும் வலிக்கும் இடம் அதுதான்.