பொறியியல் சேருமுன் பிரிட்ஜ் கோர்ஸ்: கேள்வியும் பதிலும்

முதலாமாண்டுக்குக் கணக்கு எடுக்கிறேன். வகுப்பு தொடங்குமுன் நடக்கும் பிரிட்ஜ் கோர்ஸும் வருடாவருடம் என் தலையில்தான். கலந்தாய்வு முடிந்து காத்திருப்பவர்கள் கேட்டவற்றில் சில இங்கே.

மேம், இண்டக்‌ஷனும் பிரிட்ஜ் கோர்ஸும் ஒன்றா?

இல்லை. இண்டக்‌ஷன் தொழில்நுட்பக் கல்வியைக் கவனிக்கும் மத்திய அமைப்பான ஏஐசிடிஇ எல்லாருக்கும் கொண்டுவந்தது, அவர்கள் வகுத்தபடி மூன்று வாரம். யோகா, விளையாட்டு, மனித விழுமியங்கள் என்று போகும். பிரிட்ஜ் கோர்ஸ் ப்ளஸ் டூவுக்கும் முதல் செமஸ்டருக்கும் நடுவில் உள்ள பள்ளத்தை மூடுவது. சில கல்லூரிகள் இரண்டையும் ஒன்றாகக் கலந்து நடத்தும், அதனால் கால அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

அரசுப் பள்ளி, தமிழ் மீடியம், 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தது. கணக்கு நன்றாக வரும், ஆனால் இங்கிலீஷை நினைத்தால் பயமாக இருக்கிறது.

தம்பி, உனக்குத் தெரியாதது கணக்கு இல்லை, கணக்கின் இன்னொரு பெயர்தான். ஒரு வருடம் பலகையில் ஒரு சார்பை எழுதி "டெரிவேட்டிவ் என்ன" என்று கேட்டேன், கடைசி பெஞ்சில் ஒரு பையன் தலையைக் குனிந்துகொண்டான். பக்கத்தில் போய் "வகைக்கெழு" என்றதும் மூன்று வரியில் போட்டுக் காட்டிவிட்டான். அவ்வளவுதான் விஷயம். சார்பு ஃபங்ஷன், அணிக்கோவை டிட்டர்மினன்ட், முடுக்கம் ஆக்ஸிலரேஷன், உந்தம் மொமென்டம்.

இப்போதே ஒரு வேலை செய். பதினொன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகம், இரண்டாம் தொகுதி, அரசு தமிழிலும் ஆங்கிலத்திலும் போட்டிருக்கிறது. ஒரே பாடம், ஒரே கணக்கு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அணிகள், எல்லைகள், வகையிடல், தொகையிடல் நான்கை மட்டும் பார்த்துக்கொண்டு போ. தினமும் பத்து வார்த்தை நோட்டில் ஏறினால் போதும், கல்லூரி திறப்பதற்குள் பாதிப் பயம் போய்விடும்.

தனியார் பள்ளி, இங்கிலீஷ் மீடியம். எனக்கு இது தேவையா?

பதினொன்றாம் வகுப்பை ஒழுங்காக நடத்தினார்களா, அதைச் சொல் முதலில். அதை விட்டுவிட்டு நேராகப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்துக்குத் தாவிய பள்ளிகள் நிறைய உண்டு, முதல் செமஸ்டரில் கணக்கில் தடுமாறுபவர்களில் அந்தப் பிள்ளைகளும் கணிசம்.

பாலிடெக்னிக் முடித்து நேரடி இரண்டாமாண்டு. எங்களுக்கு யாரும் எதுவும் நடத்துவதில்லை, மேம்.

உண்மைதான், உங்களைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். முதலாமாண்டுக் கணக்கைத் தொடாமல் நேராக மூன்றாம் செமஸ்டரில் உட்காருகிறீர்கள், பல பிரிவுகளில் அங்கே ஃபூரியர் தொடர் (ஒரு சார்பை சைன், கொசைன்களின் கூட்டலாக எழுதுவது) காத்திருக்கும். அதற்குப் பகுதித் தொகையிடல் கை வேகமாக ஓட வேண்டும், அதன் குறுக்குவழியான பெர்னோலி சூத்திரத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்ல வேண்டும். அதுவும் அதே பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில்தான் இருக்கிறது. பட்டறை வேலையிலும் டிராயிங்கிலும் நீங்கள் மற்றவர்களைவிட முன்னால் இருப்பீர்கள், அதை விட்டுவிடாதீர்கள்.

மகளைப் பைத்தான், ஜாவா எல்லாம் சொல்லித்தரும் சென்டரில் சேர்க்கலாமா? பதினைந்தாயிரம் கேட்கிறார்கள்.

வேண்டாம்மா. கல்லூரியிலேயே தொடக்கத்திலிருந்து சொல்லித்தருவார்கள். அதற்குமுன் ஒரு வட்டிக் கணக்கை எந்த வரிசையில் செய்கிறோம் என்று தாளில் படிப்படியாக எழுதிப் பழகட்டும், செலவு ஒரு பேனா.

டிராயிங் சுத்தமாக வராது. பலகையில் பொருத்திக் கோடு போடும் மினி டிராஃப்டரை இப்போதே வாங்கிவிடவா?

கல்லூரி சொல்லும்போது வாங்கு. இப்போது ஒரு குளியல் சோப்பைக் கத்தியால் சாய்வாக வெட்டி, மேலிருந்து எப்படித் தெரிகிறது, முன்னாலிருந்து எப்படித் தெரிகிறது என்று வரைந்து பார். நம் ஊரில் ஃபர்ஸ்ட் ஆங்கிள் முறை, அதனால் மேல்தோற்றத்தை முன்தோற்றத்துக்குக் கீழே வரைய வேண்டும். அந்தத் தலைகீழ் கணக்கில்தான் பாதி வகுப்பு தடுக்கி விழும்.

அமெரிக்காவில் சம்மர் பிரிட்ஜ் என்று வைக்கிறார்களே, அது வேறா?

நோக்கம் ஒன்றுதான், ஆனால் அங்கே பல இடங்களில் விடுதியிலேயே தங்க வைத்து நடத்துகிறார்கள். மேரிலாண்டில் யுஎம்பிசி பல்கலைக்கழகத்தின் மெயர்ஹாஃப் திட்டம், 1988இல் தொடங்கியது, புதியவர்களை ஆறு வாரம் ஒன்றாகத் தங்கவைத்துக் கணக்கும் அறிவியலும் படிக்க வைக்கிறது. குழுவாக உட்கார்ந்து படிப்பதை அங்கே பெரிதாக வலியுறுத்துகிறார்கள். எங்கள் வகுப்பில் நான் அதை மட்டும் எடுத்துக்கொண்டேன்: நான்கு பேருக்கு ஒரு கணக்கு, ஒரே தாள், ஒரே பேனா. முதல் நாள் யாரும் வாய் திறக்க மாட்டார்கள், மூன்றாம் நாள் நான் கத்தித்தான் அடக்க வேண்டியிருக்கும்.

பிரிட்ஜ் கோர்ஸுக்கு வராவிட்டால் மார்க் குறையுமா?

எங்கள் கல்லூரியில் மார்க் கிடையாது. அதனால்தான் இரண்டாம் வாரம் பாதி நாற்காலி காலி.