பூண்ட பெயரும் நண்பரின் நினைவும்

கேள்வி: அமெரிக்காவில், இடைக்கால ஐரோப்பிய வாழ்வை மீள நிகழ்த்தும் குழுவில் இருந்த என் நண்பர் காலமாகிவிட்டார். அஞ்சலிக் குறிப்பில் அந்த ஈடுபாட்டைக் குறிப்பிடலாமா?

பதில்: அவசியம் குறிப்பிடுங்கள். 1966இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் தொடங்கிய ‘சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரனிசம்’ போன்ற அமைப்புகளில், ஒருவர் தமக்கென ஓர் இடைக்காலப் பெயரையும் சின்னத்தையும் தேர்ந்துகொண்டு, பிரம்பு வாளேந்திப் பொருதும், அக்கால முறையில் ஆடை தைத்தும் சமைத்தும் பல்லாண்டுகள் பழகுவதால், தோழர்கள் பலர் அவரை அப்பெயராலேயே அறிவார்கள். ஆகவே இரு பெயர்களையும் எழுதுங்கள். கலைக்கு ‘லாரல்’, தொண்டுக்கு ‘பெலிக்கன்’ என்னும் உயர்சிறப்புகள் அங்கு உண்டு, பெற்றிருந்தால் சொல்லுங்கள். ஆயினும் புதியவர் யாருக்கு அவர் வாள்வீச்சுக் கற்பித்தார், யாருக்குத் தம் கூடாரத்தில் உணவளித்தார் என்பதையே நான் பெரிதாக மதிக்கிறேன். அவற்றை அத்தோழர்களிடமே கேட்டு எழுதுங்கள்.